புகையில்லாத விஸ்கி

காய்ச்சல் வந்துபோன பிறகு கிளமென்ட்டுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. மூன்று மாதமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. விஸ்கியை முகர்ந்து, ருசித்து, வந்தவர்களுக்கு விளக்குவதுதான் அவர் பிழைப்பு. பழைய ஞாபகத்தை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் ஓட்டலின் பேஸ்மென்ட் அறையில் பன்னிரண்டு பேர் கிளாஸோடு அவர் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல தேன். அப்புறம் வெண்ணிலா, பழுத்த ஆப்பிள். தொண்டையில நெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும், பாருங்க."

எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். அவர் வாயில் வெறும் சூடு மட்டும்தான் இருந்தது.

"கடைசியில லேசாப் புகை வருதே சார்," என்றார் முன்வரிசை வசுமதி.

அந்த விஸ்கியில் புகை வாசனையே கிடையாது. அது கிளமென்ட்டுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தலையாட்டினார்.

"சரியாப் பிடிச்சிட்டீங்க மேடம். அதுதான் இதோட விசேஷம்."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கதவோரம் இருந்த ஒருவர், "எனக்குக் குடிக்காமலே வருது," என்றார். சிலர் சிரித்தார்கள்.

கிளமென்ட் சிரிக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், கதவின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கை சிவந்துவிட்டது. அந்த அறைக்கு அது ஒன்றுதான் கதவு.

அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று பன்னிரண்டு பேரும் ஆவலோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.