நோட்டீஸில் இல்லாதது

“சத்தியமா சொல்றேன்க்கா, ஒத்த ரூபா அனுப்ப மாட்டேன். நீ தலைகீழா நின்னாலும் சரி.”

துளசிங்கம் கம்ப்யூட்டர் திரையைக் கையால் மறைத்துக்கொண்டான்.

எதிரே கெங்கம்மாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. இருந்த இரண்டு ஆட்டையும் விற்றுவிட்டாள் என்று நேற்றே அவன் காதுக்கு வந்துவிட்டது. பை கனமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

“நான் அனுப்புன்னு சொன்னனா? அந்தக் கடுதாசியத் தொறந்து படின்னுதான சொல்றேன்.”

“இதோட நாலாவது வாட்டி. படிக்கப் படிக்க உனக்கு ஆசதான் ஏறும்.”

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் துளசிங்கத்தின் ஜெராக்ஸ் கடை அது. ஆதார் நகல் எடுக்க நின்றிருந்த ஆட்டோக்கார பரசுராமன் மூக்கை நுழைத்தான்.

“இன்னாப்பா மேட்டரு?”

“காணாமப்போன இவங்க புள்ள கிருஷ்ணன் எழுதற மாதிரி எவனோ மெயில் போட்டுகிறான். துபாய்ல கீறானாம். கம்பெனி நாப்பத்திரண்டு லட்சம் குடுத்துச்சாம். வரி கட்டினாதான் காசும் வருமாம், ஆளும் வருமாம். பதினெட்டாயிரத்து அறுநூறு. இன்னியோட கெடு முடியுதாம். யாருக்கும் சொல்லக் கூடாதாம்.”

“நாப்பத்திரண்டு லட்சமா! யக்கா, வந்தா எனக்கு ஒரு புது ஆட்டோ எடுத்துக் குடு.”

அவனே சிரித்துக்கொண்டான். கெங்கம்மாள் சிரிக்கவில்லை.

கிருஷ்ணன் மூன்று வருஷத்துக்கு முன்னால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன். வயசு அப்போது பத்தொன்பது. அரக்கோணத்தில் ரயில் ஏறியதைப் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார். அவ்வளவுதான் துப்பு.

‘காணவில்லை’ நோட்டீஸ் அடித்து, அதை நெட்டிலும் போட்டு, கெங்கம்மாள் பேரில் ஒரு மெயில் விலாசம் உண்டாக்கிக் கொடுத்தது துளசிங்கம்தான். இத்தனை நாளில் அதற்கு வந்த ஒரே மெயில் இது. முதல் வரியைப் பார்த்ததுமே, மீதியைப் படிக்காமல், “யக்கா, உம் புள்ள எழுதிகிறான்!” என்று போனில் கத்தினதும் அவன்தான். அது உறுத்தியது. அதனாலேயே குரல் ஏறியது.

“நல்லாக் கேளுக்கா. நாப்பத்திரண்டு லட்சம் குடுக்கறவன், அதுலயே பதினெட்டாயிரத்தக் கழிச்சிக்க மாட்டானா? நம்மள ஏன் முன்னால கட்டச் சொல்றான்? பெத்த புள்ளன்னா ஒரு போன் போட்டுப் பேச மாட்டானா? காசு போற அக்கௌண்டு யாரோ ஒருத்தன் பேர்ல கீது. ஒசரம், கன்னத்து மச்சம், படிச்ச பள்ளிக்கூடம்லாம் சரியாச் சொல்றானேன்னு பாக்கறியா? அத்தனையும் நம்ம நோட்டீஸ்ல போட்டது. அதுல இல்லாதது ஒண்ணுகூட அவனுக்குத் தெரியல.”

“ஆங். அது எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா ஆட்ட ஏன் வித்த?”

“புதுசா நோட்டீஸ் அடிக்க. ஆடிக் கிருத்திகை வருதில்ல? ஆந்திராவுல இருந்துலாம் காவடி எடுத்துகினு சனம் வரும். தெலுங்குலயும் அடிச்சிக் குடு. மலப்படியில நின்னு நானே ஆளுக்கு ஒண்ணு குடுப்பேன்.”

மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தாள்.

துளசிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அப்ப… மெயிலு பொய்யின்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“நீ படிச்ச மொத வார்த்தையிலயே. அவன் என்னை ஒரு நாளும் அம்மான்னு கூப்பிட்டதில்லப்பா. அவங்க நைனா ‘கெங்கா, கெங்கா’ன்னு கூப்பிடறதக் கேட்டு, இவனும் ‘ஏ கெங்கா, சோறு போடு’தான். ஒரே ஒரு வாட்டி அம்மான்னு சொல்லுடான்னு எவ்ளோ கெஞ்சியிருப்பேன்! அன்னிக்கு விருந்தாளுங்க முன்னாலயும் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். மானம் போச்சேன்னு கன்னத்துல ஒண்ணு வெச்சிட்டேன். தட்டத் தள்ளிட்டுப் போனவன்தான்.”

பரசுராமன் ஆதார் நகலை மடித்துச் சட்டைப் பையில் செருகினான். “நோட்டீஸ்ல எனக்கும் ஒரு கட்டு குடு யக்கா. சவாரிக்கு வர்றவங்களுக்குக் குடுக்கறேன்” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனான்.

“இப்பவாவது படி, துளசி.”

திரையை மறைத்த கையை எடுத்தான்.

“அன்பான அம்மா, நான் உங்கள் மகன் கிருஷ்ணன். நான் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறேன்…”

“போதும். அதுக்கு மேல வாணாம்.” கண்ணை மூடிக்கொண்டாள். “அத மட்டும் இன்னொரு வாட்டி.”

படித்தான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

“அழிச்சிடு துளசி. ஒரு எழுத்து விடாம அழிச்சிடு. இருந்துச்சின்னா, என்னிக்காவது ஒரு நாள் புத்தி கெட்டு நானே காசு அனுப்பச் சொல்லிடுவேன்.”

அவள் பஸ் ஏறியதும் துளசிங்கம் சைபர் கிரைம் 1930க்குப் போன் போட்டுப் புகார் சொன்னான். அந்த விலாசத்திலிருந்து இனி எதுவும் வராதபடி தடுத்தான். துபாய், லட்சம், அக்கௌண்டு நம்பர் எல்லாவற்றையும் சேர்த்து மெயிலை அழித்தான்.

ஒரு எழுத்து விடாமல் என்றுதான் சொல்லியிருந்தாள்.

மனசில் நின்ற முதல் வரியை மட்டும் டைப் அடித்து, தனியாக ஒரு தாளில் அச்செடுத்து, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினான்.