வாசலைப் பார்த்த அறை

"நீ இல்லாம என்னடா கிறிஸ்துமஸ்?" என்று சித்தப்பா கிரிசான்டோ போனில் உருகியதில், டெல்ஃபின் கனடாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் பறந்து வந்துவிட்டான். வாசலைப் பார்த்த பெரிய அறை அவனுக்கு. விருந்தில், சுட்ட பன்றியின் மொறுமொறு தோலும் அவன் தட்டுக்கே வந்தது.

"பாசம்னா இதுதான்!" என்று பூரித்துப் போனான்.

கிறிஸ்துமஸ் காலையில் எழுந்து பார்த்தால் வீட்டில் ஈ காக்கை இல்லை. வாசலில் மட்டும் தெருமுனை வரை பிள்ளைகள் பட்டாளம். பதறிப்போய் போன் போட்டான்.

"சித்தப்பா, எல்லாரும் எங்க போயிட்டீங்க? யாரு இந்தப் பசங்க?"

"எங்க ஞானப்பிள்ளைங்கடா, ஞானஸ்நானத்துல நாங்க பொறுப்பேத்துக்கிட்ட பசங்க. ஞானத்தகப்பன்னா இன்னிக்குப் பரிசு கொடுத்தே ஆகணும். வருஷா வருஷம் ஓடி ஒளிஞ்சு அலுத்துப்போச்சு. அதான், இந்தத் தடவை எங்க எல்லாருக்கும் பதிலா கனடாக்காரன் கொடுப்பான்னு சர்ச் பூசையிலேயே சொல்லிட்டோம்."

"அப்போ, நான் இல்லாம கிறிஸ்துமஸே இல்லைன்னீங்களே?"

"நிஜம்தான்டா கண்ணு! வாசலைப் பார்த்த அறையைச் சும்மாவா கொடுத்தோம்?"