நல்ல வரவேற்பு

பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். அந்தத் தொகை எழுதிய கடன் துண்டைத் தம்பிஐயாவின் மூக்குக்கு நேரே ஒருதரம் ஆட்டிவிட்டு, மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார் ஆழ்வாப்பிள்ளை. சரவணைக் கிராமத்துச் சிறுவர் உரிமைக் கழகத்தின் தலைவர் அவர்.

"சறோஜினிதேவி அம்மா இண்டைக்கு வாறா. சிறுவர் உரிமைக்கு உலக விருது எடுத்தவ. அவவின்ர வாயால 'நல்ல வரவேற்பு' எண்டொரு சொல் வரவேணும். வந்தால் இந்தத் துண்டை உம்மட கண்ணுக்கு முன்னாலயே கிழிச்சுப் போடுவன்."

"வராட்டி, ஐயா?"

"வராட்டி வட்டி வரும்."

தம்பிஐயா வேலி அடைக்கவும் தோட்டம் கொத்தவும் போகிற கூலி ஆள். நாற்பத்தாறு வயதில்தான் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவர். கைநாட்டு வைத்தே பழகிய மனிசன் முதன்முதலாகத் தன் பெயரை முழுதாக எழுதியது அந்தத் துண்டில்தான். கூரைக்குத் தகரம் வாங்கப் பட்ட கடன்.

இன்றைய வேலை பாரமில்லை. கழக வாசல் கேற்றிலிருந்து மேடைவரை பிள்ளைகளை இரண்டு நிரையாக நிறுத்தி, விருந்தாளி வரும்வரை நிரை குலையாமல் பார்க்கவேண்டும். மேடையில் மெத்தைக் கதிரை, ரோசாப்பூ மாலை, பட்டுச்சேலை எல்லாம் தயாராக இருந்தன.

"அவ வாறா எண்டு வந்த கடிதத்தில பேரைத் தவிர ஒண்டுமில்லை. ஆனால் பேரே சொல்லுதெல்லோ," என்றார் தலைவர். "என்ர அம்மா காலத்துப் பேர். எழுபதுக்குக் குறையாது. சீனி போடாத தேத்தண்ணியாய் வைச்சிரும். கட்டாயம் சீனி வருத்தம் இருக்கும்."

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஏழரை பஸ்ஸில், வழியில் ஏறிய மண்கும்பான் பக்கத்துப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சரவணைப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள். தலைவரே கேற்றில் நின்று, கூட வந்த தாய்மாரை வெளியே மறித்து, பிள்ளைகளின் கையில் கடதாசிக் கொடியைத் திணித்து உள்ளே தள்ளினார். வாயைத் திறந்த பிள்ளைக்கெல்லாம் ஒரே பதில்தான்: "கதைக்கப்படாது. நிரையில நில்!"

பிறகு, விருந்தாளியை ஏற்றிவர யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய வான் வண்டியை எதிர்கொள்ளவென்று மோட்டார் சைக்கிளில் சந்திக்குப் போய்விட்டார்.

தம்பிஐயா பெயர்ப் பட்டியலை எழுத்துக்கூட்டி வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் புள்ளடி போட்டார். நாற்பது பெயர். பிள்ளைகளின் கையிலிருந்த கொடிகளை எண்ணினார். நாற்பத்தொன்று. திரும்ப எண்ணினார். அப்போதும் நாற்பத்தொன்று.

"அச்சடிச்ச கடதாசி பிழை விடுமே? என்ர கண்தான் பிழை விட்டிருக்கும்," என்று பட்டியலை மடியில் செருகிக்கொண்டார். பிந்திப் படித்தவருக்கு எழுத்தில் இருந்த நம்பிக்கை தன்னில் இருக்கவில்லை.

ஒன்பது மணி ஆனது. பத்தும் ஆனது. வெயில் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்தது.

"மாமா, கால் சுடுது."

"இன்னும் கொஞ்சம், குஞ்சு."

"அந்த விருதுக்காரியே எங்களை வெயில்ல நிக்கச் சொன்னவ?" என்று கேட்டாள் பச்சைச் சட்டை போட்ட ஒருத்தி.

"அவ ஏன் சொல்லுறா? நான்தான் நிப்பாட்டினனான். தலைவற்ற பைக்குள்ள என்ர துண்டெல்லோ கிடக்கு." நேரம் போக்காட்ட, தம்பிஐயா துண்டின் கதையை முழுதாகச் சொன்னார்.

"அவ சொல்லாட்டி வட்டி வந்திருமோ, மாமா?"

"வராமல் விடுமே! அது எங்கட பஸ் மாதிரி இல்லை. நேரத்துக்கு வரும்."

நிரை முழுதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கமுன், கடைசியில் நின்ற ஆறு வயது லக்சிகா கண்ணைச் செருகிக்கொண்டு சரிந்தாள்.

தம்பிஐயா பாய்ந்து தாங்கிக்கொண்டார். ரோட்டைப் பார்த்தார். வானுமில்லை, தூசியுமில்லை. தலைவரின் சட்டைப் பை ஒருகணம் நினைவில் வந்து போனது.

"காணும், நிண்டது போதும்! எல்லாரும் வேம்புக்குக் கீழ ஓடுங்கோ!"

லக்சிகாவை மெத்தைக் கதிரையில் சாய்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார். விருந்தாளிக்கென்று வைத்த செவ்விளநீர்க் குலையை இழுத்துவந்து, சீவிச் சீவிக் கொடுத்தார். இரண்டு மிடறு இறங்கியதும் லக்சிகா கண் திறந்து, "இன்னொண்டு?" என்று கேட்டாள்.

கடைசி இளநீர் முடிகிற நேரம் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"தம்பிஐயா! நிரை எங்க?"

"நிழலில இருக்கு, ஐயா."

"என்ர மானத்தை வாங்கிப்போட்டீரே! இனி அந்தத் துண்டைக் கனவிலயும் கிழிக்கமாட்டன்!"

"ஓம், ஐயா. கடனைப் பிறகும் கட்டலாம். பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் கட்டேலாது."

தலைவர் மறுமொழி சொல்லமுன் அவருடைய போன் அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வான்காரன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"என்னடாப்பா சொல்லுறாய்? வான் வேண்டாமெண்டிட்டு ஏழரை பஸ்ஸிலயே வந்திட்டாவோ?" வெறும் மேடையைப் பார்த்தார், வெறும் ரோட்டைப் பார்த்தார். "அந்த பஸ்ஸில இஞ்ச பிள்ளையள் மட்டுமெல்லோ வந்ததுகள்!"

தம்பிஐயாவின் கை தன்பாட்டில் மடியிலிருந்த பட்டியலைத் தடவியது.

வேம்பின் கீழிருந்து பச்சைச் சட்டைக்காரி எழும்பினாள். இளநீர் வழிந்த வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கொடியோடு தலைவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மம்மாவின்ர பேரைத்தான் எனக்கு வைச்சவை," என்றாள். "நல்ல வரவேற்பு, ஐயா. இனி அந்தத் துண்டைக் கிழியுங்கோ."