ரங்கூன் விலாசம்

“கேள்வி ஏதாவது உண்டா?” என்று அரிகிருஷ்ணன் கேட்டதும், பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

செஞ்சி உலக விவகார மன்றத்தின் மூன்று வருடத்தில், ஒரு பெண் கேள்வி கேட்க எழுந்தது அதுதான் முதல் தடவை.

மன்றம் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, தாவூத் பாயின் ஜவுளிக்கடை மாடியில் கூடும். காங்கோ, கியூபா, சீனா எல்லாம் பேசியாகிவிட்டது. 1964 ஆகஸ்டில் பர்மா. பக்கத்து ஊர் அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த அரிகிருஷ்ணன் வாத்தியார், அங்கே கடைகள் பறிபோனதையும் தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்புவதையும் நாற்பது நிமிடம் விளக்கியிருந்தார்.

“ரங்கூன்ல ஒருத்தரு பர்மாக்காரப் பொண்ணக் கட்டிக்கினு இருந்தாரு. ஒரு கொழந்தையும் இருக்குது. அவரு மட்டும் கப்பல்ல வந்துட்டாரு. அந்தப் பொண்ணு பின்னால வர முடியுமா வாத்தியாரே?”

தூறலுக்காகத் தலையில் போட்ட முந்தானையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கும் அமிர்தவல்லி. புருஷன் செல்லப்பன் பன்னிரண்டு வருடம் ரங்கூனில் மரம் அறுக்கும் மில்லில் இருந்துவிட்டு ஜூனில்தான் திரும்பியிருந்தான்.

அவள் யாரென்று வாத்தியாருக்குத் தெரியாது. ஆனால் கேள்வி யாரைப் பற்றியது என்று புரிந்துவிட்டது.

“பயப்படாதம்மா. அந்த கவர்மென்ட்டு தன் நாட்டுப் பொண்ண வெளிய விடாது. உன் வாசப்படிய அவ மிதிக்கமாட்டா.”

ஆறுதலாகத்தான் சொன்னார்.

“எப்பவுமே வர முடியாதா?”

“எனக்குத் தெரிஞ்சு வழியே இல்ல.”

கூட்டம் கலைந்ததும் அவள் மேசைக்கு வந்தாள். இடுப்பில் செருகியிருந்த காகிதத்தைப் பிரித்து வைத்தாள். ரங்கூன் விலாசம்.

“ஒரு கடுதாசி எழுதணும்.”

“திட்டியெல்லாம் எழுத வேணாம்மா. பாவம், அவளும் பொண்ணுதானே.”

“திட்ட இல்லீங்க. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாம். நான் சொல்றன், எழுதுங்க.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நான் நல்லா இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். குழந்தையைத் தண்ணீரில் விளையாட விடாதே. அதற்குச் சீக்கிரம் சளி பிடிக்கும்.

“கீழ செல்லப்பன்னு போடுங்க. அவருக்கு எழுதத் தெரியாது. யாரு எழுதினாலும் அவ நம்புவா.”

வாத்தியார் பேனாவை நிறுத்தினார்.

“இத அவரே வந்து சொல்லலாமே. ஏன் வரல?”

ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த தாவூத் பாய்தான் மெதுவாகச் சொன்னார்.

“செல்லப்பன் தவறிப்போயி இருபது நாளாச்சு வாத்தியாரே.”

அமிர்தவல்லி காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“அவ வர முடியும்னு நீங்க சொல்லியிருந்தா, நெசத்தையே எழுதச் சொல்லியிருப்பேன்.”