சைகோன் குதிரைகள்

"ஆறு விழுந்தாத்தான் குதிரை லாயத்தை விட்டு வெளியே வரும். போடு புள்ள" என்றாள் கைருன்னிஸா.

அஞ்சுகம் பகடையைக் கையில் வாங்கிக்கொண்டாளே தவிர, உருட்டவில்லை. அவள் காதெல்லாம் வெளியே ஊளையிடும் காற்றில் இருந்தது.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கொடி இன்னும் இறங்காத காலம் அது. கார்த்திகை மாதம். இருட்டோடு கடலுக்குப் போன காரைக்கால்மேட்டு ஆட்களில் சிலர் திரும்பவில்லை. அவர்களில் அஞ்சுகத்தின் புருஷன் மாணிக்கவேலும் ஒருவன். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குப்பத்துக்குள் தண்ணீர் புகுந்ததும், கைருன்னிஸா வண்டி அனுப்பி, பெண்களையும் பிள்ளைகளையும் டவுனிலிருந்த தன் மாடி வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். அஞ்சுகத்தின் மாமியார் விசாலாட்சி பல வருஷமாக அந்த வீட்டுக்கு மீன் கொடுப்பவள்.

வந்தவர்களுக்குச் சோறு போட்டு முடித்த கையோடு, கைருன்னிஸா கூடத்தில் பாயை விரித்து அந்தப் பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் கணவர் காதர் பாட்சாவுக்கு சைகோனில் ஜவுளிக்கடை; இங்கே துறையில் ஒரு தோணியும் உண்டு. போன தடவை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. நாலு மூலையிலும் நாலு நிறத்தில் லாயங்கள். சுண்டுவிரல் உயரத்துக்கு மரத்தில் கடைந்த குதிரைகள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்கம்மா."

"தாயம் ஆடியிருக்கியா?"

"ம்."

"அதேதான். அதுல ஒண்ணு விழணும், இதுல ஆறு. சுத்தி வந்து நடுவுல ஏறிட்டா பழம். வழியில எவ குதிரை நின்னாலும் வெட்டலாம். மாமியாருதா இருந்தா ரெண்டு தடவ வெட்டலாம்."

விசாலாட்சிகூட லேசாகச் சிரித்துவிட்டாள்.

கொல்லையில் ஓடு ஒன்று பெயர்ந்து விழுந்தது. சின்னப் பிள்ளை ஒன்று வீறிட்டது. கைருன்னிஸா பலகையைத் தட்டினாள். "அழுதா உன் முறை போயிடும். பச்சைக் குதிரை யாருது? உருட்டு பார்ப்போம்."

அழுகை நின்றது. ஆட்டம் சூடு பிடித்தது. சுக்குக் காப்பி வந்தது. நனைந்த பாவாடைகளும் ஈரத் தலைகளுமாய்ப் பிள்ளைகள் பலகையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். பின்னாளில் அஞ்சுகம் தன் பிள்ளைகளோடு எத்தனையோ பலகைகளில் ஆடியிருக்கிறாள். எங்கே ஆறு விழுந்தாலும், அந்தக் கூடத்துச் சுக்கு வாசமும், 'ஆறு, ஆறு' என்று கத்திய குரல்களும்தான் அவளுக்கு ஞாபகம் வரும்.

பலகைக்குச் சொந்தக்காரிதான் எல்லோரையும்விட மோசமாக ஆடினாள். நாலு விழுந்தால் அஞ்சு கட்டம் நகர்த்தினாள். விசாலாட்சியின் நீலக் குதிரையைத் தன்னுடையது என்று தூக்கினாள்.

"அழுகுணி ஆட்டம், அழுகுணி ஆட்டம்" என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கைருன்னிஸாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த முறை, பழமாகப் போகவிருந்த அஞ்சுகத்தின் சிவப்புக் குதிரையை அவள் குதிரை வெட்டியது. "போச்சு, வீட்டு வாசல் வரைக்கும் வந்து போச்சு" என்றாள் கைருன்னிஸா, அதே சிரிப்போடு.

அஞ்சுகம் அந்தக் குதிரையை எடுத்துச் சுவரோரம் விட்டெறிந்தாள்.

"உங்களுக்கு ஏன் சிரிப்பு வராது? உங்க வூட்டு ஆம்பளை சைகோன்ல மெத்தையில உட்காந்திருக்காரு. எங்க வூட்டு ஆளுல்ல தண்ணியில கிடக்குறாரு."



"அடியே, சோறு போட்ட வீட்டுல என்ன பேச்சு பேசுற" என்று விசாலாட்சி அதட்டினாள்.

"விடு விசாலாட்சி. அவ வயித்துல நெருப்பு எரியுது, பேசட்டும்." கைருன்னிஸா எழுந்துபோய்க் குதிரையைத் தேடியெடுத்தாள். முந்தானையால் துடைத்து, சிவப்பு லாயத்தில் வைத்தாள். "திரும்பக் கிளம்பி வரும் புள்ள. உன் முறை வர்றப்ப போடு."

அஞ்சுகத்துக்கு அவமானமாக இருந்தது. கோபமும் தணியவில்லை. ஆனாலும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகடையை எடுத்தாள்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு என்று உள்ளே போன கைருன்னிஸா வெகுநேரம் வெளியே வரவில்லை. பிள்ளைகள் பகடையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் திரும்பி வந்து, "யாரு முறை?" என்று மறுபடி சிரித்தபடி உட்கார்ந்தாள்.

அந்த ஆட்டம் முடியவில்லை. வாசல் கதவு தட்டப்பட்டது.

கதவைத் திறந்தால் மாணிக்கவேல் நின்றான். உடம்பெல்லாம் சிராய்ப்பு. அவன் பின்னால் மற்ற ஆட்களும் சொட்டச் சொட்ட நின்றார்கள். அஞ்சுகம் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அழுகை எது, சிரிப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. கைருன்னிஸா மட்டும் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எப்படிய்யா கரை வந்தீங்க?" விசாலாட்சி மகனின் முகத்தைத் தடவினாள்.

"நாங்க எங்க வந்தோம்? கட்டுமரம் உடைஞ்சு, கட்டையைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தோம். ஒரு தோணி எங்களைத் தேடிக்கிட்டு எதிர்க்காத்துல வந்துச்சு. ஒருத்தரை விடாம ஏத்திக்கிச்சு."

"இந்தக் காத்துல எந்த மகராசி தன் புள்ளையக் கடலுக்கு அனுப்பினா?"

மாணிக்கவேல் வாய் திறப்பதற்குள், பாயிலிருந்து கைருன்னிஸாவின் குரல் வந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"தம்பி, எம் புள்ள நூகும் கரையேறிட்டானா?"