முன்னே போகவிட்டவர்கள்

பின்னால் எழுபது பேர் துரத்திக்கொண்டு வந்தாக வேண்டும். ஆனால் ஒரு சைக்கிள் சங்கிலிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுதான் கவினோவைப் பயமுறுத்தியது.

சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். மயில்துத்த மருந்து தெளித்த இலைகள் வெயிலில் நீலம் பாரித்துக் கிடந்தன. கடற்கரையில் இருந்த முடிவுக் கோட்டுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். அவன் கைப்பிடி மேல் இன்னும் தாழக் குனிந்து மிதித்தான்.

சார்தீனியாத் தீவின் அந்தச் சைக்கிள் பந்தயத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வழியில் ஒருவனுடைய சொந்த ஊர் வந்தால், அவனை மட்டும் முன்னால் போக விடுவார்கள். அவன் வீட்டு வாசலில் இறங்கி, பெற்றவர்களை முத்தமிட்டுவிட்டு, மெதுவாக வரும் கூட்டத்தோடு மறுபடி சேர்ந்துகொள்வான். அதுவரை யாரும் யாரையும் முந்துவதில்லை.

கவினோவின் ஊர் ஒலியாரி, மலை மேலே இருந்தது. அம்மா குளிர்காலத்திலிருந்து படுத்த படுக்கை. காலையில் அதைச் சொல்லித்தான் அனுமதி கேட்டான். அந்தக் கூட்டமே தோரே என்ற மூத்த வீரனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. தோரே யோசிக்கக்கூட இல்லாமல் சம்மதித்தான்.

"நிதானமா பாத்துட்டு வாடா. அம்மாவுக்கு என் பங்குக்கும் ஒரு முத்தம் குடு. வரும்போது ரெண்டு அத்திப்பழம் எடுத்துட்டு வா, வெறுங்கையோட வந்தா சேத்துக்க மாட்டேன்."

கவினோ வீட்டு வாசலில் இறங்கவில்லை.

அவனுக்கு முப்பத்து நாலு வயது. முடிவுக் கோட்டில் ஓர் அணியின் மேலாளர் காத்திருந்தார். இன்று ஜெயித்தால் அடுத்த வருடம் அணியில் இடம், இல்லையென்றால் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். நேர்மையாக ஓட்டினால் தோரேயை அவனால் ஒருநாளும் ஜெயிக்க முடியாது.

வீட்டைக் கடக்கும்போது அம்மாவின் ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனான். தெருமுனையில் மனம் கேட்காமல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்பா தெரு நடுவில் இறங்கி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டான்.

அப்பாவைச் சமாதானப்படுத்திவிடலாம். அந்த எழுபது பேரை முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே காரியத்தைச் செய்த ஒருவன், கூட்டம் அவனை எட்டிப்பிடித்த வளைவில் கள்ளி வேலிக்குள் போய் விழுந்தான். இரண்டு மாதம் உடம்பிலிருந்து முள் எடுத்தார்கள். தள்ளியது யார் என்று விசாரித்தபோது, பக்கத்தில் வந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

மோட்டார் சைக்கிள் ஒன்று வேகத்தைக் குறைத்து அவன் பக்கத்தில் வந்தது. ஓட்டி வந்தவள், பந்தயக்காரர்களுக்கு முன்னால் போய் வழிவிடச் சொல்லும் கிராசியா. முன்னால் இருப்பவனுக்கும் கூட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று சிலேட்டில் எழுதிக் காட்டுவதும் அவள் வேலை. ஊருக்குள் நுழையும்போது இரண்டு நிமிடம் என்று எழுதியிருந்ததை இப்போது அழித்துவிட்டிருந்தாள்.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவன் நிற்காமல் வந்ததை அவள் பார்த்திருந்தாள். கவினோ இடைவெளி எவ்வளவு என்று மட்டும் கேட்டான்.

"தெரியல. இங்கேருந்து மேல ஏழு வளைவும் தெரியுது. ஒரு ஆள் இல்ல."

அவள் முன்னால் போய்விட்டாள். சாலையில் வரவில்லை என்றால் வேறு எங்கே? தோட்டங்களுக்கு நடுவே டிராக்டர் போகும் மண்பாதை ஒன்று அவனுக்குத் தெரியும். அது கல்லறைத் தோட்டத்து வளைவில் வந்து சேரும். அங்கேயும் சாலையோரம் முழுக்கக் கள்ளி வேலி.

அந்த வளைவில் திரும்பியபோது, கொடி வரிசைகளுக்குள்ளிருந்து பத்துப் பதினைந்து தலைகள் ஒன்றாக எழுந்தன. கவினோவின் விரல்கள் பிரேக்கில் இறுகின. கையில் கத்தரியும் வாளியுமாக நின்றவர்கள் பழம் பறிக்க வந்த ஆட்கள்தான். கைதட்டாமல் அவனையே பார்த்தார்கள்.

"மத்தவங்களை எல்லாம் என்னப்பா பண்ணினே?" என்றார் ஒரு கிழவர். யாரும் சிரிக்கவில்லை.

கடற்கரையில் அவன் கோட்டைத் தாண்டியபோது பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை வாயில்கூட வைத்திருக்கவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு கையை நீட்டினார். சாயங்காலமே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். கவினோ அந்தக் கையைப் பிடித்தபடியே மலைச்சாலையைப் பார்த்தான்.

பத்து நிமிடம் ஆயிற்று. சாலை காலியாகவே இருந்தது.

தோட்டங்களுக்கு நடுவே கிடைக்காத போன் சிக்னல் கடற்கரையில் கிடைத்தது. கூட்டத்தின் கடைசியில் வரும் வேன் டிரைவரை கிராசியா கூப்பிட்டாள். என்ன விபத்து என்று கேட்டாள். டிரைவர் கிசுகிசுத்ததை, போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். போனை அணைத்துவிட்டு அவனிடம் வந்தபோது, அவள் குரலும் இறங்கிப்போயிருந்தது.

"விபத்து எதுவும் இல்ல. உங்க வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. எழுபது பேரும் சைக்கிளை விட்டு இறங்கி, மூச்சு விடுற சத்தம்கூட இல்லாம நிக்கிறாங்களாம்."

"எதுக்கு?" என்றான் கவினோ.

"நீ உள்ள அம்மா கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்னு உங்க அப்பா சொன்னாராம்."