மடியில் இருந்த விடைப்புத்தகம்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், சோளக்காட்டு வெயில் சமையலறை மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. பள்ளிக்கு அனுப்பாமல் மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் மார்லிஸின் முன்னால், தேவாலயத்துப் பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய இயற்கணிதப் பாடநூல் விரிந்திருக்கிறது. பக்கத்தில் மடிக்கணினி, அதில் ஓர் இணைய வகுப்பின் மாதிரிப் பாடம். விடைப்புத்தகம் மட்டும் வழக்கம்போல மார்லிஸின் மடியில்.

"அந்த இணைய வகுப்பெல்லாம் வேண்டாம், புத்தகமே போதும் ஹேட்டி. இதுன்னா நானே திருத்திடுவேன். இதோ, நாலாவது கணக்கு தப்பு. மறுபடி போடு."

பான்கேக் பாகு ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே ஹேட்டி சிரிக்கிறாள். "என் விடை சரிதாம்மா. உன் புத்தகம்தான் தப்பு."

"அச்சடிச்சவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?"

"எக்ஸ் இருக்குற இடத்துல ரெண்டு விடையையும் போட்டுப் பாரேன்."

மார்லிஸ் பென்சிலை எடுக்கிறாள். புத்தகத்தின் விடையைப் போட்டால் சமன்பாடு இடிக்கிறது. மகளின் விடையைப் போட்டதும் இரண்டு பக்கமும் அப்படியே பொருந்துகிறது. பென்சில் காகிதத்திலேயே நிற்கிறது. தான் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தந்த அந்த முகத்தை, புதிதாக வீட்டுக்கு வந்த யாரையோ பார்ப்பதுபோல் பார்க்கிறாள். வெளியே அறுவடை இயந்திரம் இரைந்து போகிறது. பிறகு மடியிலிருந்த விடைப்புத்தகத்தை மூடி, மகளின் கண்ணுக்கு நேராகத் திரை வரும்படி, மடிக்கணினிக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைக்கிறாள்.